விழுந்த பிறகான மணி நேரங்கள்: தனி மலைத்தட ஓட்டத்துக்கு ஆயத்தமாவது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2006 டிசம்பர் 13, காலை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், செம்பாறைப் பள்ளத்தாக்குகள் சூழ்ந்த மோவாப் என்ற சிற்றூர். டேனெல் பாலன்ஜி என்ற 35 வயதுப் பெண் தன் நாய் டாஸைக் கூட்டிக்கொண்டு மலைத்தடத்தில் ஓடப் போனார். வேறு யாரும் கூட இல்லை. வழியில் ஒரு பாறைச் சரிவில் மெல்லிய பனிக்கட்டி படிந்திருந்தது. கால் வைத்ததும் வழுக்கியது. சுமார் 60 அடி சறுக்கிக்கொண்டே போய் விழுந்தார். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. எழுந்து நிற்க முடியவில்லை.

எங்கே ஓடப் போகிறார் என்பதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அவர் ஊர்ந்து வெளியே வரப் பார்த்தார். கால் மைல் தூரத்துக்கு ஏறத்தாழ 5 மணி நேரம் ஆனது. அதற்குமேல் உடம்பு ஒத்துழைக்கவில்லை. பாறைக் குழியில் தேங்கியிருந்த கொஞ்சம் தண்ணீருக்கு அருகே அப்படியே கிடந்தார். அன்று இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கியது. அணிந்திருந்தது ஓட்டத்துக்கான மெல்லிய உடை. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. தூங்கினால் உடல் குளிர்ந்துபோகும் என்பதால், தலையையும் தோளையும் தூக்கி இறக்கிக்கொண்டும் கைகால் விரல்களை அசைத்துக்கொண்டும் இரவைக் கடத்தினார். மறுநாள் பகலும் போனது. இரண்டாவது இரவும் போனது.

ஊரில் பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. டேனெல் வீடு திரும்பின அறிகுறியே இல்லை. தகவல் போலீசுக்குப் போனது. அவருடைய வண்டி ஒரு தடத்தின் தொடக்கத்தில் நின்றுகொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். தேடல் குழு அங்கே போய் இறங்கியபோது டாஸ் அவர்களிடம் வந்தது. வந்த வழியே அது திரும்பி ஓட, குழுவினர் அதன் பின்னால் போய் டேனெலைக் கண்டார்கள். விழுந்ததிலிருந்து சுமார் 52 மணி நேரம் ஆகியிருந்தது. அவர் பிழைத்தார். பிறகு மீண்டும் ஓடவும் செய்தார்.

பலரும் இதை நாயின் விசுவாசக் கதையாகச் சொல்வார்கள். டாஸ் செய்தது பெரிய காரியம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் தனியாக நீண்ட தூரம் ஓடத் திட்டமிடுகிற ஒருவர் இதை வேறு விதமாகப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. 52 மணி நேரம் என்ற அந்த எண் எப்படி வந்தது? அதன் எந்தெந்தப் பகுதியை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே வெட்டியிருக்க முடியும்? இந்த ஆய்வு முழுக்க அதைப் பற்றியதுதான்.

உடற்தகுதி காப்பாற்றவில்லை

டேனெல் சாதாரண ஓட்டக்காரர் இல்லை. பல நாட்கள் இரவு பகலாக ஓடியும் ஏறியும் படகு வலித்தும் கடக்கிற சாகசப் பந்தயங்களில் உலக அளவில் வென்றவர். பைக்ஸ் பீக் மாரத்தான் போன்ற கடினமான மலை ஓட்டங்களில் முதலிடம் பிடித்தவர். அன்று ஓடிய தடம் அவருக்குப் புதிதில்லை, தூரமும் அவர் அளவுக்குச் சின்னதுதான். அதனாலேயே ஆயத்தமும் சின்னதாக இருந்தது. இடுப்பில் ஒரு சிறு பை, கொஞ்சம் தண்ணீர், ஓடும்போது விழுங்குகிற ஆற்றல் ஜெல், அவ்வளவுதான்.

தனி ஓட்டத்துக்குத் தயாராகிறேன் என்று சொல்கிறவர்களிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஏற்றம், எந்தக் காலணி என்று வரும் பதில்கள் எல்லாமே ஓட்டம் நன்றாகப் போகும்போது உதவுகிறவை. கால் நின்றுபோன அந்த நிமிடத்திலிருந்து அவற்றில் ஒன்றுகூட வேலை செய்யாது. கூட்டாக ஓடும்போது அதற்குப் பிறகான வேலையைப் பக்கத்தில் இருப்பவர் செய்வார். ஒருவர் உதவி தேடி ஓடுவார், இன்னொருவர் போர்த்திவிடுவார், நேரம் பார்த்துக்கொள்வார். தனியாகப் போகும்போது அந்த இன்னொருவர் செய்ய வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே செய்து வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

தேடல் எப்போது தொடங்கும்?

52 மணி நேரத்தைப் பிரித்துப் பார்ப்போம். தேடல் குழு உண்மையாகத் தேடிய நேரம் அதில் சிறு பகுதிதான். மிச்சமெல்லாம், ஒருவர் காணாமல் போயிருக்கிறார் என்றே ஊருக்குத் தெரியாமல் இருந்த நேரமும், எந்தப் பக்கம் போனார் என்று தெரியாமல் வண்டியைத் தேடிய நேரமும்தான். காலையில் கிளம்பியவர், 'இந்தத் தடம், மதியத்துக்குள் திரும்பிவிடுவேன், மூன்று மணிக்குள் என்னிடமிருந்து தகவல் இல்லை என்றால் போலீசைக் கூப்பிடு' என்று ஒருவருக்கு ஒரு வரி அனுப்பியிருந்தால், அன்று மாலையே வண்டி நின்ற இடத்துக்கு ஆள் போயிருக்கும். முதல் இரவைத் தவிர்த்திருக்க முடியாமல் போயிருக்கலாம், டிசம்பரில் சீக்கிரம் இருட்டிவிடும். இரண்டாவது இரவு நிச்சயம் தேவைப்பட்டிருக்காது.

ஆகவே தனி ஓட்டத்துக்கான முதல் ஆயத்தம் ஒரு செய்தி. 'ஓடப் போகிறேன், சாயங்காலம் வருவேன்' என்பதை நான் செய்தியாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். தேடப் போகிறவருக்கு என்ன தேவையோ அது அதில் இருக்க வேண்டும். வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள், அதன் எண் என்ன. எந்தத் தடம், வளையமாகச் சுற்றுகிற தடம் என்றால் இடமாகவா வலமாகவா. இந்த ஒரு விவரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 30 கிலோமீட்டர் வளையத்தில் எந்தப் பக்கமாகப் போனார் என்று தெரிந்தால், கடைசியாகப் பார்த்தவர் சொல்லும் நேரத்தை வைத்து எங்கே தேடுவது என்று குழு கணிக்கலாம். தெரியாவிட்டால் இரு முனையிலிருந்தும் ஆள் அனுப்ப வேண்டியிருக்கும். நடுவில் வெளியேறக்கூடிய கிளைப் பாதைகள் எவை, மழை பிடித்தால் எதில் இறங்குவீர்கள். சட்டை, பை என்ன நிறம். காலணியின் அடிப்பாகத்தை ஒரு படம் எடுத்து அதோடு அனுப்பலாம். மண் தடத்தில் கால்பதிவு தேடுகிறவர்களுக்கு அது உதவும். ஏதாவது நோயோ மருந்தோ இருந்தால் அதையும் சேருங்கள்.

இதையெல்லாம் ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டால் அடுத்தடுத்த முறை தடத்தையும் நேரத்தையும் மட்டும் மாற்றினால் போதும். ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும்: அனுப்பிய பிறகு தடத்தை மாற்றக் கூடாது. 'வானம் நன்றாக இருக்கிறது, அந்தச் சிகரத்தையும் பார்த்துவிட்டு வரலாம்' என்று தோன்றினால் முதலில் மாற்றத்தைச் சொல்ல வேண்டும். சிக்னல் இல்லை என்றால் அந்தச் சிகரம் இன்னொரு நாளைக்கு. தவறான இடத்தைச் சொல்கிற செய்தி, செய்தியே இல்லாததைவிட மோசம். தேடுகிறவர்கள் இல்லாத இடத்தில் அலைவார்கள்.

யாருக்கு அனுப்புவது என்பதிலும் யோசனை வேண்டும். ரொம்பப் பாசமுள்ளவர் என்பதற்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். அன்று முழுக்க போன் எடுக்கக்கூடியவராக, சொன்ன நேரம் வந்ததும் தயங்காமல் கூப்பிடுகிறவராக இருக்க வேண்டும். 'இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போமே' என்று தள்ளிப் போடுகிறவர் வேண்டாம். எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவரிடமே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பதற்றத்தில் அவர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

நடைக் கணக்கு

கெடு நேரத்தை எப்படி வைப்பது? இங்கேதான் ஓட்டக்காரர்கள் தங்கள் வேகத்தை நம்பித் தப்பான எண்ணைக் கொடுக்கிறார்கள். தடத்தில் அதிகம் நடப்பது கணுக்கால் பிசகுவதுதான், டேனெலுக்கு நேர்ந்தது போன்ற பெரிய வீழ்ச்சி அபூர்வம். கால் பிசகினவர் ஆபத்தில் இல்லை, ஆனால் அவரால் ஓட முடியாது. மிச்சத் தூரத்தை நடந்துதான் வர வேண்டும். ஓட்ட வேகத்துக்குக் கெடு வைத்தால், அவர் மெதுவாக வந்துகொண்டிருக்கும்போதே மீட்புக்குழு கிளம்பிவிடும்.

இதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்னது. இன்றைய அளவுகளில் ஏறக்குறைய, சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். 30 கிலோமீட்டர் தூரம், 1,500 மீட்டர் ஏற்றம் என்றால் 6 மணியும் இரண்டரை மணியும் சேர்ந்து எட்டரை மணி நேரம். அதே தடத்தை நீங்கள் ஐந்து மணி நேரத்தில் ஓடி முடிக்கலாம். செய்தியில் இரண்டு நேரங்களையும் கொடுங்கள். ஐந்து மணி நேரத்தில் எதிர்பார்க்கலாம், எட்டரை மணி நேரம் தாண்டினால் கூப்பிடு.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். எட்டரை மணி நேரம் கழித்து இருட்டிவிடும் என்றால், பகலிலேயே முடியப் போகிற ஓட்டமானாலும் தலையில் மாட்டுகிற ஹெட்லைட் பையில் இருந்தாக வேண்டும். இரவைத் தொட வாய்ப்பிருந்தால் கெடுவையும் முன்னால் இழுக்க வேண்டும், அல்லது அதிகாலையிலேயே கிளம்ப வேண்டும். நான் அதிகாலையைத்தான் சொல்வேன். வெளிச்சம் மிச்சமிருக்கும்போது பிரச்சினை வந்தால் அது வேறு, இருட்டத் தொடங்கும்போது வந்தால் அது முற்றிலும் வேறு.

எட்டாத பை

இடுப்பெலும்பு உடைந்தவரின் கை எவ்வளவு தூரம் போகும்? இந்தக் கேள்வியை வைத்து ஒரு முறை உங்கள் பையை அடுக்கிப் பாருங்கள்.

கட்டாயப் பொருட்கள் என்று பந்தயங்களில் ஒரு பட்டியல் கொடுப்பார்கள். விசில், தெர்மல் போர்வை, மழைச்சட்டை, ஹெட்லைட், போன். பலர் அதை வாங்கி, பந்தய அலுவலர் பார்ப்பதற்காகப் பையின் அடியில் திணித்து வைத்துவிடுகிறார்கள். பட்டியல் நிறைவேறிவிட்டது. ஆனால் மல்லாந்து விழுந்து, இடுப்பை அசைக்க முடியாமல், ஒரு கை மட்டும் வேலை செய்யும்போது முதுகுப் பையின் அடியில் இருக்கிற போர்வை வீட்டில் இருப்பதற்குச் சமம். பையைக் கழற்றுவதற்கே தோளை முறுக்க வேண்டும்.

ஆகவே பொருள் இருக்கிறதா என்பதைவிட எங்கே இருக்கிறது என்பது பெரிய கேள்வி. ஓட்டக்காரர்கள் அணிகிற வெஸ்ட் பைகளில் மார்புப் பக்கத்தில் பாக்கெட்டுகள் உண்டு. விசில் அங்கே தொங்க வேண்டும். போனோ உதவி கேட்டுச் செய்தி அனுப்புகிற அபாயக் கருவியோ மார்பிலோ இடுப்பு பெல்ட்டின் முன்பக்கத்திலோ இருக்க வேண்டும், விழும்போது தெறிக்காதபடி ஜிப் மூடி. வெப்பப் பை, அதாவது உள்ளே நுழைந்துகொள்கிற பை வடிவிலான தெர்மல் போர்வை, பக்கவாட்டுப் பாக்கெட்டில், எந்தக் கையாலும் இழுக்கக்கூடிய இடத்தில். பையின் அடிக்குப் போகக்கூடியவை மாற்றுக் காலுறையும் கூடுதல் உணவும்தான்.

விசிலைப் பற்றி ஒரு வார்த்தை. கத்தினால் தொண்டை அரை மணி நேரத்தில் போய்விடும், காற்று அதை விழுங்கியும்விடும். விசில் மணிக்கணக்காக ஒலிக்கும். மலைப்பகுதிகளில் பல நாடுகளில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அபாய அறிகுறி நிமிடத்துக்கு 6 முறை ஊதுவது, பிறகு ஒரு நிமிடம் மௌனம், மறுபடி 6. வெளிச்சத்தாலும் இதையே காட்டலாம். கேட்டவர் நிமிடத்துக்கு 3 முறை பதில் கொடுப்பார். வட அமெரிக்காவில் மூன்று முறை ஊதுவதே அபாயம் என்று கொள்கிறார்கள். அந்த ஒரு நிமிட மௌனத்தை விட்டுவிடாதீர்கள், பதில் கேட்பதற்கு அதுதான் இடம்.

நின்றதும் வருகிற குளிர்

60 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது மணிக்குச் சுமார் 600 கிலோகலோரி எரிக்கிறார். அதில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வெளியேறுகிறது, கணக்குப் போட்டால் 500 வாட்டுக்கு மேல். விழுந்து அசையாமல் கிடந்தால் அது 100 வாட்டைத் தாண்டாது. அதாவது உடல் என்ற அடுப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடுகிறது. உடையோ ஓடுகிற உடல் அதிகம் சூடாகாதபடி தேர்ந்தெடுத்தது, வேர்வையில் நனைந்தும் இருக்கும். கூடவே தரை. படுத்திருக்கிற உடலிலிருந்து குளிர்ந்த பாறை நேரடியாக வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே போர்த்துவதற்குக் காட்டுகிற அக்கறையைக் கீழே விரிப்பதற்கு யாரும் காட்டுவதில்லை. காலிப் பையாவது இடுப்புக்கும் தோளுக்கும் கீழே இருக்க வேண்டும்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அதை ஹைப்போதெர்மியா என்கிறார்கள். முதலில் நடுக்கம். நடுக்கம் நல்லது, தசைகள் வெப்பம் உண்டாக்கும் முயற்சி அது. அதற்கும் எரிபொருள் வேண்டும். ஓடி ஓடிக் காலியான உடலால் நீண்ட நேரம் நடுங்கக்கூட முடியாது. அடுத்துக் கை விரல்கள் சொன்னபடி கேட்காது, பிறகு புத்தி தடுமாறும். தனியாக இருப்பவருக்கு இந்தக் கடைசிக் கட்டம்தான் மிகவும் ஆபத்து, தடுமாறுகிறது என்பதை அந்தப் புத்தியாலேயே கண்டுகொள்ள முடியாது. 'கொஞ்சம் குளிர்கிறது' என்று தோன்றும்போதே உடுத்திக்கொள்ள வேண்டும், கை மரத்த பிறகு ஜிப் திறக்காது.

டேனெலின் நிகழ்வோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு நிகழ்வு சீனாவின் கான்சு மாநிலத்தில் 2021 மே 22இல் நடந்தது. பாய்யின் நகருக்கு அருகே 100 கிலோமீட்டர் மலை ஓட்டப் பந்தயம், 172 பேர் ஓடினார்கள். ஏற்றப் பகுதி ஒன்றில் திடீரென்று பலத்த காற்றும் மழையும் ஆலங்கட்டியும் அடித்தன. 21 பேர் இறந்தார்கள், அவர்களில் நாட்டின் முன்னணி ஓட்டக்காரர்களும் உண்டு. காற்றுத் தடுக்கும் மேற்சட்டை அந்தப் பந்தயத்தில் கட்டாயமாக இருக்கவில்லை. பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய மேல்சட்டையுமாக இருந்தார்கள். ஆடு மேய்க்கும் ஒருவர் தான் ஒதுங்கியிருந்த குகைக்குள் ஓட்டக்காரர்களைக் கொண்டுவந்து, தீ மூட்டி, 6 பேரைக் காப்பாற்றினார். சுற்றிலும் அத்தனை பேர் இருந்தும், அமைப்பாளர்கள் இருந்தும் இது நடந்தது. மே மாதம், பகல் நேரம்.

எனவே கிளம்பும்போது உள்ள வானிலைக்கு உடுத்தாதீர்கள், ஓடுவதற்கு மட்டுமாகவும் உடுத்தாதீர்கள். தடத்தின் மிக உயரமான இடத்தில், மிக மோசமான நேரத்தில், அசையாமல் ஓர் இரவு கிடக்க வேண்டி வந்தால் என்ன வேண்டும் என்று கேட்டுப் பையில் வையுங்கள். தையல்கள் ஒட்டப்பட்ட, தலைமூடி உள்ள மழைச்சட்டை. நனைந்தாலும் ஓரளவு சூடு தருகிற, செயற்கைப் பஞ்சு நிரப்பிய மெல்லிய சட்டை. தொப்பி, கையுறை. அப்புறம் வெப்பப் பை. போர்வை மாதிரி விரிகிற மெல்லிய தாள் காற்றில் பறந்து கிழியும், தனியாகக் கிடப்பவரால் அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டே இருக்க முடியாது. உள்ளே நுழைந்துகொள்கிற பை வடிவில் இருப்பதை வாங்குங்கள். எடை 100 கிராம் சுற்றி வரும். எடையைக் குறைக்க எதை விட்டுவிடலாம் என்று தேடுகிறவர்கள் கடைசியாகத் தொட வேண்டியது இது.

சிக்னலுக்கு வெளியே இருந்து அழைப்பது

போன் சிக்னல் இல்லாத இடங்களுக்கு இரண்டு விதக் கருவிகள் உண்டு. ஒன்று, அபாய ஒலிபரப்பி. பொத்தானை அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கோஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள் அமைப்புக்குச் செய்தி போய், அங்கிருந்து மீட்பு மையத்துக்குப் போகும். சந்தா இல்லை, குறைந்தது 24 மணி நேரம் தொடர்ந்து அனுப்பும், ஆனால் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். மற்றது, செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தி அனுப்பும் கருவி. இதற்குச் சந்தா உண்டு, பதிலும் வாங்கலாம். 'கால் பிசகிவிட்டது, ஆபத்தில்லை, மூன்று மணி நேரம் தாமதமாகும்' என்று சொல்ல முடிகிற வசதி ஒன்றே போதும், தேவையில்லாத தேடல்களைத் தவிர்க்க. அந்தக் காரணத்துக்காகத் தனி ஓட்டக்காரருக்கு நான் இரண்டாவதைத்தான் பரிந்துரைப்பேன். சில புதிய போன்களிலும் சில நாடுகளில் செயற்கைக்கோள் வழி அவசர அழைப்பு வந்துவிட்டது. ஆனால் சில நாடுகளில் இத்தகைய கருவிகளை அனுமதியின்றி வைத்திருப்பதே சட்டவிரோதம். எடுத்துப் போகும் முன் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

செங்குத்தான பள்ளத்தாக்கில் வானம் சிறிதாகத்தான் தெரியும். செய்தி போக நேரமாகும், போகாமலும் இருக்கலாம். டேனெல் விழுந்தது அப்படியொரு பள்ளத்தில்தான். எந்தக் கருவியும் வீட்டில் விட்டு வந்த செய்திக்கு மாற்று ஆகாது.

போனைப் பொறுத்தவரை, விமான முறையில் வைத்து, உடலை ஒட்டிய உள்பாக்கெட்டில் வையுங்கள். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். பேச முடியாத அளவு பலவீனமான சிக்னலிலும் குறுஞ்செய்தி சில சமயம் போய்விடும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்வதோடு, நனையாத உறையில் ஒரு காகித வரைபடமும் இருக்கட்டும்.

தண்ணீர், சாப்பாடு, கால்கள்

இவற்றைப் பற்றி எழுதாதவர் இல்லை, அதனால் தனி ஓட்டத்துக்குச் சம்பந்தமானதை மட்டும் சொல்கிறேன்.

நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது பலருக்கும் தாங்கும் அளவு, குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்து பழகியவர்கள் 90 கிராம் வரை போகிறார்கள். வயிற்றை இதற்குப் பயிற்சி ஓட்டங்களில் பழக்க வேண்டும். இந்தக் கணக்குக்கு வெளியே, தொடவே கூடாத ஒரு பங்கு உணவு தனியாக இருக்க வேண்டும். அது நடுங்குவதற்கான எரிபொருள்.

தண்ணீரைக் குறைத்துக் குடிப்பது போலவே அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைப் பார்த்தபோது 13 சதவீதம் பேருக்கு உப்புச் சத்தான சோடியம் நீர்த்துத் தாழ்ந்திருந்தது. தலைவலி, வாந்தி, குழப்பம் என்று அது முற்றும்போது அருகில் கவனிக்க ஆள் இல்லை என்பதால், தாகத்துக்குக் குடிப்பதே பாதுகாப்பு. வழியில் ஓடைத் தண்ணீரை நம்புவதாக இருந்தால், வறண்ட பருவத்தில் அது இருக்குமா என்று முன்பே பார்க்க வேண்டும். வடிகட்டி எடுத்துப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நுண்குழாய் வடிகட்டி ஒருமுறை உறைந்துவிட்டால் உள்ளே வெடிப்பு விழலாம், வெளியே தெரியாது. குளிர்ந்த இடங்களில் அதையும் உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

கால்களைப் பொறுத்தவரை, தனியாகப் போகிறவர் இறக்கத்தைப் பழக வேண்டும். இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே இறுகி எடையைத் தாங்குகின்றன, அதில்தான் அதிகம் சேதமாகின்றன. களைத்த தொடை தாங்காமல் போகும்போதுதான் கால் தடுக்குகிறது. நல்ல செய்தி என்னவென்றால், சில வாரங்கள் முன்பு ஒரு நல்ல இறக்கம் ஓடியிருந்தாலே அடுத்த முறை சேதம் குறைகிறது. பயிற்சியை முழுப் பையோடு செய்யுங்கள். பை ஏறினதும் உடலின் சமநிலை மாறும், அது இறக்கத்தில்தான் தெரியும்.

தடத்தின் கடினமான பகுதியை முன்பே ஒருமுறை தனியாக நடந்து பார்த்துவிடுவது நல்லது. முடிந்தால் அதே பருவத்தில், அதே நேரத்தில். நிழல் விழும் பாறையில் காலை பத்து மணிக்கு இருக்கிற பனிக்கட்டி மதியம் இருக்காது. கோடையில் கால் வைத்துப் போன ஓடை மழைக்குப் பிறகு இடுப்பளவு ஓடும். தெரிந்த தடம் என்ற நம்பிக்கை பல சமயம் வேறொரு பருவத்தின் தடத்தைப் பற்றியதாக இருக்கும்.

ஒத்திகை

பெரிய ஓட்டத்துக்கு முன் செய்யச் சொல்லி நான் வற்புறுத்துவது ஒன்று உண்டு. ஒரு குளிர்ந்த மாலையில், வீட்டுக்கு அருகே பாதுகாப்பான இடத்தில், நன்றாக வேர்க்கும் வரை ஓடுங்கள். நின்றதும் தரையில் படுத்துவிடுங்கள். இடுப்பையும் ஒரு காலையும் அசைக்கக் கூடாது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். பையைக் கழற்றாமல் மேற்சட்டையையும் தொப்பியையும் எடுத்துப் போடுங்கள், வெப்பப் பைக்குள் நுழையுங்கள், விசிலை ஊதுங்கள், குறுஞ்செய்திக் கருவியில் ஒரு சோதனைச் செய்தி அனுப்புங்கள். பிறகு அரை மணி நேரம் அப்படியே கிடங்கள். அருகில் ஒருவர் காவலுக்கு இருக்கட்டும்.

எந்தப் பட்டியலும் காட்டாததை இது காட்டும். வெப்பப் பையின் பிளாஸ்டிக் உறையை ஈரக் கையால் கிழிக்க முடியவில்லை என்பது தெரியும். கையுறை போட்டால் போன் திரை வேலை செய்யவில்லை, ஹெட்லைட் எங்கே என்று கை தேடுகிறது, பஞ்சுச் சட்டை வெஸ்டுக்கு மேலே போடும் அளவு பெரிதாக இல்லை என்பதெல்லாம் தெரியும். ஒவ்வொன்றுக்கும் தீர்வு சுலபம்: உறையை முன்பே பிரித்து வைப்பது, ஒரு அளவு பெரிய சட்டை வாங்குவது, ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத இடம் ஒதுக்குவது.

திரும்பி வரும் புள்ளி

ஓடும்போது எடுக்க வேண்டிய முடிவுகளில் ஒன்றை மட்டும் வீட்டிலேயே எடுத்துவிட வேண்டும்: எந்த நேரத்தில், எந்த நிலைமையில் திரும்புவது. 'பதினொரு மணிக்குள் கணவாயை அடையவில்லை என்றால் திரும்புவேன், இடி கேட்டால் முகட்டில் ஏற மாட்டேன்' என்று செய்தியிலேயே எழுதிவிடுங்கள். மலையில் களைத்து நிற்கும்போது மனசு தொடர்வதற்குத்தான் காரணம் கண்டுபிடிக்கும், பக்கத்தில் மறுத்துப் பேச யாரும் இல்லை. எழுதி ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தது அந்த மறுப்புக் குரலாக இருக்கும்.

கடைசியாக, திரும்பியதும் செய்தி அனுப்புவது. வண்டிக்கு வந்து சேர்ந்ததும், காலணியைக் கழற்றும் முன்பே, 'வந்துவிட்டேன்' என்று அனுப்ப வேண்டும். அங்கே சிக்னல் இல்லை என்றால், சிக்னல் கிடைக்கும் முதல் இடத்துக்கு வண்டியில் வர ஆகும் நேரத்தையும் கெடுவில் சேர்த்திருக்க வேண்டும். இதை மறந்தால் மீட்புக்குழுவின் ஆட்கள் வீணாக மலையேறுவார்கள், அவர்களில் பலர் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். இரண்டு முறை மறந்தால் இன்னொன்றும் நடக்கும்: மூன்றாவது முறை கெடு தாண்டும்போது, 'வழக்கம்போல மறந்திருப்பான்' என்று உங்கள் ஆள் ஒரு மணி நேரம் பொறுப்பார்.